கேபிளை நிறுத்தப் போகிறோம்: மாமியார் தனியாக இயக்கக்கூடிய ஸ்ட்ரீமிங் பெட்டி எது?

சுவாசூகாங்_மருமகள் கேட்டது:

வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக் கட்டண டிவி ஒப்பந்தம் அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. மாதம் 60 வெள்ளிக்கு மேல் கட்டுகிறோம். அந்தச் சேனல் பட்டியலில் பாதியை வீட்டில் யாரும் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. புதுப்பிக்க வேண்டாம், ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டியோ குச்சியோ வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று நானும் வீட்டுக்காரரும் பேசி முடித்துவிட்டோம். பிள்ளைகளில் ஒன்று உயர்நிலை 1, இன்னொன்று தொடக்கநிலை 4. எதை மாட்டினாலும் அவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும்.

கேள்வி அத்தைக்காக, அதாவது என் மாமியாருக்காக. 76 வயது. பகல் முழுக்க வீட்டில் அவர் மட்டும்தான். இப்போதுள்ள ரிமோட்டில் அவர் எதையும் படிப்பதில்லை. மூன்று எண்களை வரிசையாக அழுத்தினால் சன், வேறு மூன்று எண்களுக்கு விஜய், சத்தம் கூட்டக் குறைக்க ஒரு பொத்தான். அவருடைய டிவி அவ்வளவுதான். பொத்தான்களின் மேல் அச்சடித்திருந்தது தேய்ந்துபோய் வெறும் கறுப்பு ரப்பர்தான் மிச்சம். அந்த ரிமோட்டை எடுத்தால் எனக்குத்தான் தடுமாற்றம். அவர் விளக்கை அணைத்துவிட்டுக்கூட மாற்றுவார்.

டிவியிலேயே இருக்கும் யூடியூப்பைக் காட்டிக்கொடுத்துப் பார்த்தேன். படங்கள் வரிசை வரிசையாக வருகின்றன. அம்புக்குறியை அழுத்தினால் ஒரு படம் லேசாகப் பெரிதாகிறது, ஓரத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு வருகிறது. நமக்கு அது தெரியும். அவருக்குத் தெரியவில்லை. “நான் இப்ப எங்க நிக்கிறேன்?” என்று கேட்டார். கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட கண். நான் என்ன சொல்ல?

டிவி 2016-ல் வாங்கியது. படம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் செயலிகள் நகரவே மாட்டேன் என்கின்றன. சிலவற்றை இறக்கவே முடியவில்லை. அதனால்தான் தனிப் பெட்டி.

கொழுந்தன் வேறொன்று சொல்கிறார். அவருடைய நண்பர் ஒரு பெட்டி விற்கிறாராம், ஒருமுறை காசு கட்டினால் உலகத்துச் சேனல் எல்லாம் வருமாம், மாதச் சந்தா கிடையாதாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் வீட்டில் எல்லாரும் அந்தப் பக்கம் சாய்கிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். உள்ளூர்த் தமிழ்ச் சேனல் வசந்தம் வேண்டும், அத்தை செய்தி பார்க்காமல் சாப்பிட மாட்டார். வீட்டுக்காரருக்குப் பிரீமியர் லீக் கால்பந்து வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

எதை வாங்கலாம்? வயதானவர்கள் இருக்கும் வீட்டில் மாட்டிப் பழகியவர்கள் சொன்னால் நல்லது.

*

பொங்கோல்_பையன்:

அக்கா, யோசிக்கவே வேண்டாம், ஆப்பிள் டிவி 4கே. விலை மற்றதைவிடக் கூடத்தான் இருக்கும், ஆனால் சிக்குவது, தானாக அணைந்து எழுவது, விளம்பரத்தை முகப்பில் அள்ளிக் கொட்டுவது எதுவும் இல்லை. மீவாட்ச், சன் நெக்ஸ்ட், நெட்ஃபிளிக்ஸ் செயலிகள் எல்லாம் வரும். ரிமோட்டின் மேலே இருக்கும் வட்டத்தில் விரல் பட்டாலே திரை ஓடும், அது உங்கள் அத்தைக்கு ஒத்துவராது. அமைப்பில் ரிமோட் பகுதிக்குப் போய் ‘அழுத்தினால் மட்டும்’ என்று மாற்றிவிடுங்கள், சாதாரண அம்புக்குறி மாதிரி ஆகிவிடும். எச்டிஎம்ஐ வயர் பெட்டியோடு வராது, தனியாக வாங்க வேண்டும்.

*

பிடோக்_வயர்மேன்:

தங்கச்சி, பெட்டியை அப்புறம் பார்ப்போம். நான் இந்த வேலையில் இருந்தவன். தொண்ணூறுகளில் புளோக் புளோக்காக ஏறி வீடுகளுக்குக் கேபிள் இழுத்துக் கொடுத்தோம். அந்தக் கேபிள் வழிச் சேவை 2019 செப்டம்பரோடு நின்றது. இப்போது உங்கள் வீட்டுக்கு வருவது ஃபைபர் வழியாகத்தான், பழைய பழக்கத்தில் எல்லாரும் கேபிள் என்கிறோம். ஓய்வு பெற்ற பிறகும் சொந்தக்காரர், அக்கம்பக்கம் என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். என் அம்மாவுக்கும் நான்தான் மாட்டிக் கொடுத்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாளை எடுத்து, அத்தை ஒரு நாளில் எதையெல்லாம் பார்க்கிறார், எந்த நேரத்தில் பார்க்கிறார் என்று எழுதுங்கள். அவரிடம் கேட்டு எழுதாதீர்கள். கேட்டால் “நான் என்னத்த பாக்குறேன், சும்மா ஓடுது” என்பார். ஒரு சனி ஞாயிறு கூட உட்கார்ந்து பாருங்கள். சன் டிவி சீரியல் என்றால் சன் நெக்ஸ்ட். விஜய் என்றால் ஹாட்ஸ்டார். ஜீ தமிழ் என்றால் ஜீ5. வசந்தம் என்றால் மீவாட்ச், அது இலவசம். பெரும்பாலும் பார்ப்பது ஒரே சேனலாக இருக்கும், அப்படியானால் ஒரே சந்தா போதும். மூன்றையும் வாங்கிப் போட்டால் கேபிளுக்குக் கட்டிய பணத்தில் ஒரு பங்கு மறுபடி போய்விடும். சந்தா கட்டும் முன் இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: இங்கே சேனல் நேரலையாக வருகிறதா, இல்லை தனித்தனி நிகழ்ச்சியாக மட்டும்தானா. அப்புறம், அந்தச் செயலி போனில் மட்டுமா, டிவியிலும் ஓடுமா.

நேரலை விஷயம் ஏன் முக்கியம் என்றால், வயதானவர்களுக்குக் கேபிள் கொடுத்த பெரிய வசதி சேனல் எண்ணிக்கை இல்லை. போட்டால் ஓடும், அதுதான். எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். சமையலறைக்குப் போய் வந்தாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஸ்ட்ரீமிங்கில் முடிந்ததும் நிற்கும், “இன்னும் பார்க்கிறீர்களா” என்று கேட்கும், பதில் சொல்லாவிட்டால் முகப்புக்குப் போய்விடும். என் அம்மா முதல் வாரம் முழுக்கக் குறைப்பட்டது படத்தைப் பற்றி இல்லை, இதைப் பற்றித்தான். “ஏன்டா இது என்னைக் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கு?” என்றார். ஆகவே, நேரலையாக ஓடும் ஒன்றாவது அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சீரியலுக்கு வேறு வழி, சும்மா ஓட விடுவதற்கு வேறு வழி.

சீரியலில் ஒரு லாபமும் இருக்கிறது. இந்தியாவில் இரவு 8 மணி என்றால் நமக்கு 10.30. செயலியில் ஒளிபரப்பான பகுதி பிறகு தானாக வந்து உட்கார்ந்துவிடும். என் அம்மா இப்போது நேற்றைய பகுதியைக் காலையில் தேநீரோடு பார்த்து முடித்துவிட்டு, இரவில் நேரத்தோடு தூங்கப் போகிறார். இதை உங்கள் அத்தையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பெட்டியை விட இது அதிகம் வேலை செய்யும்.

இப்போது பெட்டி. எனக்குக் கூகுள் டிவி மென்பொருள் ஓடும் ஏதாவது ஒரு பெட்டி போதும் என்று தோன்றுகிறது. ஷாவ்மியின் டிவி பாக்ஸ் எஸ் இரண்டாம் தலைமுறை நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். உள்ளே இடம் 8 ஜிபிதான், அதிலும் பாதியை அமைப்பே எடுத்துக்கொள்ளும், ஆகவே பிள்ளைகள் விளையாட்டுகளை இறக்கிக் குவிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூகுளின் சொந்தப் பெட்டி, 2024-ல் குரோம்காஸ்ட்டுக்குப் பதிலாக வந்த டிவி ஸ்ட்ரீமர், இதைவிட விலை கூட. ஆனால் 32 ஜிபி இருக்கிறது, இணைய வயரை நேராகச் செருக இடம் இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது வேறு: பெட்டியின் பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் ரிமோட் கீச்சென்று கத்தும். சோபா இடுக்கில் ரிமோட் விழும் வீடுகளுக்கு அது பெரிய உதவி. ரிமோட்டில் நாமே வேலை கொடுத்துக்கொள்ளும் ஒரு பொத்தானும் உண்டு, பிடித்த செயலியைத் திறக்கும்படி வைக்கலாம். அத்தைக்கு அந்தப் பொத்தானில் சன் நெக்ஸ்ட்டை வைத்துவிட்டு, அதன் மேல் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டுங்கள். உள்ளூர் உத்தரவாதத்தோடு வாங்குங்கள்.

ரோக்கு பெட்டி நன்றாக இருக்கும் என்று அமெரிக்காவில் இருக்கும் உறவினர் யாராவது சொல்வார்கள். இங்கே அந்த நிறுவனம் கடை விரிக்கவில்லை. விடுங்கள்.

மாட்டும்போது செய்ய வேண்டியது இன்னும் முக்கியம். கூகுள் டிவி அமைப்பில் கணக்குப் பகுதியில் ‘செயலிகள் மட்டும்’ என்று ஒரு முறை இருக்கிறது. அதைப் போட்டால் முகப்பில் வந்து நிற்கும் சிபாரிசுப் படங்கள் பெரும்பாலும் ஒழிந்துவிடும், செயலிகளின் வரிசை மட்டும் இருக்கும். அந்த வரிசையில் அத்தைக்கு வேண்டியதை இடது ஓரத்தில் முதலாவதாக வையுங்கள். தேடி அலைய வேண்டாம், அதன் மேல் நின்று நடுப் பொத்தானை அழுத்தினால் போதும். “நான் எங்க நிக்கிறேன்” என்ற கேள்வி குறையும்.

அடுத்து சிஇசி. எச்டிஎம்ஐ வயர் வழியாகவே டிவியும் பெட்டியும் ஒன்றையொன்று எழுப்பும் வசதி. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். 2016 டிவியில் பெரும்பாலும் இருக்கும், அணைத்து வைத்திருக்கலாம், தேடிப்போய்ப் போடுங்கள். போட்டுவிட்டால் பெட்டியின் ரிமோட்டில் முகப்புப் பொத்தானை அழுத்தியதும் டிவி எழுந்து, சரியான இணைப்புக்குத் தானே மாறிவிடும். இது இல்லாமல் மாட்டிக்கொடுத்தால் தினமும் மத்தியானம் உங்களுக்குப் போன் வரும்.

மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி ஓட்டையில் இருந்து எடுக்காதீர்கள். குச்சி வாங்குகிறவர்கள் எல்லாரும் வயரை மறைக்கலாம் என்று இதைத்தான் செய்கிறார்கள். பல டிவிகளின் யுஎஸ்பியில் வருவது அரை ஆம்பியர்தான். போதாமல் நடுவில் அணைந்து எழும். டிவியை அணைத்தால் அதுவும் செத்துவிடும், மறுபடி போடும்போது முதலில் இருந்து எழ வேண்டும். அந்த நேரத்தில் கறுப்புத் திரையைப் பார்த்து அவர் நாலு பொத்தானை அழுத்துவார், கதை கந்தலாகிவிடும். கூட வரும் அடாப்டரைச் சுவரில் செருகுங்கள்.

கொழுந்தன் சொல்வது பற்றி. அந்தப் பெட்டி வேண்டாம், தங்கச்சி. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட பெட்டியை விற்பதே குற்றம். 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. 2022 அக்டோபரில் மின்னணுக் கடைகள் இருக்கும் சிம் லிம் சதுக்கத்தில் போலீஸ் புகுந்து கடைக்காரர்களைப் பிடித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். சட்டத்தில் சிக்குவது விற்கிறவன்தானே, நமக்கு என்ன என்று கேட்கலாம். நமக்கு இருப்பது வேறு பிரச்சினை. ஒருநாள் சேனல் எல்லாம் நின்றுபோகும், “வாழ்நாள் முழுக்க” என்று சொன்ன ஆள் போனை எடுக்க மாட்டான். பெயரில்லாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் சிலவற்றில் வரும்போதே உள்ளே கெட்ட மென்பொருள் இருக்கிறது. பேட்பாக்ஸ் என்று பெயர் வைத்து, 2025 ஜூனில் அமெரிக்க எஃப்பிஐ எச்சரிக்கையே விட்டது. அந்தப் பெட்டி உட்காருவது நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே வைஃபையில். கூகுள் சான்று இல்லாத பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் தெளிவாகவும் வராது, பழைய டிவிடி தரத்தில்தான் வரும். கொழுந்தனிடம் கடைசிக் காரணத்தைச் சொல்லுங்கள், சட்டத்தைவிட அதுதான் எடுபடும்.

பந்துக்கு: பிரீமியர் லீக் உரிமை 2022-23 பருவத்தில் இருந்து ஸ்டார்ஹப் நிறுவனத்திடம் இருக்கிறது. டிவி தொகுப்பு முழுவதும் எடுக்காமல் செயலியில் பந்துக்கு மட்டும் சந்தா கட்டலாம். மே மாதம் பருவம் முடிந்ததும் அது தேவைப்படாது, ஆகவே ஒப்பந்தக் காலம் எவ்வளவு என்று பார்த்துக் கட்டச் சொல்லுங்கள்.

*

உட்லண்ட்ஸ்_கமலம்:

வயர்மேன் அண்ணன் சொன்னதில் வசந்தம் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. மீவாட்ச் நல்ல செயலிதான், நானே பார்க்கிறேன். ஆனால் பெரியவர்களுக்கு வசந்தத்தை அதில் கொடுக்காதீர்கள். ஜன்னலோரம் ஒரு சின்ன ஆன்டெனா வாங்கி வைத்து, டிவியின் பின்னால் செருகிவிடுங்கள். ஆன்டெனாவில் வரும் டிவி ஒளிபரப்பு 2019 தொடக்கத்தோடு முழுக்க டிஜிட்டலாகிவிட்டது. 2016-ல் இங்கே வாங்கிய டிவி என்றால் ‘டிடிவி ரெடி’ என்ற முத்திரை பெட்டியிலோ பின்னாலோ இருக்கும், அது இருந்தால் ஆன்டெனாவுக்கென்று தனிப் பெட்டி ஏதும் வேண்டாம். சேனலைத் தேடச் சொன்னால் ஆறு சேனல் வரும்: 5, 8, சூரியா, வசந்தம், சிஎன்ஏ, யூ. சந்தா இல்லை, கணக்கு இல்லை, கடவுச்சொல் இல்லை. டிவி உரிமக் கட்டணம்கூட 2011-லேயே எடுத்துவிட்டார்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், இதில் எண் பொத்தான் திரும்பக் கிடைக்கிறது. ஸ்ட்ரீமிங் ரிமோட்டில் பெரும்பாலும் எண் இருக்காது, டிவியோடு வந்த ரிமோட்டில் இருக்கும். என் அப்பாவுக்கு 81. டிவி ரிமோட்டை எடுத்து மேலே கீழே அழுத்தினால் ஆறே சேனல், சுற்றிச் சுற்றி வசந்தத்துக்கு வந்துவிடுவார். வழி தவறிப் போக இடமே இல்லை. வைஃபை போனாலும் செய்தி வரும்.

எங்கள் வீடு பதினோராவது மாடி, ஜன்னலில் வைத்தால் தெளிவாக வருகிறது. டிவிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி வைத்தபோது விட்டு விட்டு வந்தது. ஆகவே கொஞ்சம் நீளமான வயர் இருக்கும் ஆன்டெனாவாகப் பாருங்கள். பழைய கேபிள் பாயின்டில் செருகிப் பார்த்து “வரவில்லையே” என்று ஆன்டெனாவைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அந்தப் பாயின்டில் ஒன்றும் வராது.

*

பொங்கோல்_பையன்:

அப்போ ரெண்டு ரிமோட் ஆகிடுமே அக்கா? ஒண்ணு போதும்னு தானே கேட்டாங்க.

*

உட்லண்ட்ஸ்_கமலம்:

ஒன்று வேண்டும் என்று அவர் கேட்கவில்லை தம்பி, தனியாக இயக்க வேண்டும் என்றுதான் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை என்றால் இரண்டு ரிமோட் குழப்பம் தராது. பெரிய ரிமோட் செய்திக்கு, சின்ன ரிமோட் சீரியலுக்கு. எல்லா வேலையும் செய்யும் ஒற்றை ரிமோட்தான் குழப்பும். என் அப்பா சின்ன ரிமோட்டை ‘நாடகக் குச்சி’ என்கிறார்.

*

சுவாசூகாங்_மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை கூட உட்கார்ந்து பார்த்தேன். அண்ணன் சொன்னது சரி, ஆச்சரியமாகவும் இருந்தது. விஜய்க்கு அவர் போவதே விளம்பர இடைவேளையில்தான்! சன் சீரியலில் விளம்பரம் வந்ததும் அந்தப் பக்கம் போய் ஒரு பார்வை, திரும்பி வந்துவிடுகிறார். அந்த ஒரு பார்வைக்கு நான் இன்னொரு சந்தா கட்ட இருந்தேன்.

ஆன்டெனா யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. டிவியின் ரிமோட் பேட்டரி எடுத்த நிலையில் அலமாரியில் கிடந்தது, எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன். டிடிவி முத்திரையும் இருக்கிறது.

கொழுந்தனிடம் நெட்ஃபிளிக்ஸ் மங்கலாக வரும் என்றேன். “அப்படியா?” என்று கேட்டுவிட்டு அப்புறம் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது ஒரு கவலை, வைஃபை. எங்களுடையது பிடிஓ வீடு, அரசு புதிதாகக் கட்டிக் கொடுத்தது. ஃபைபர் பாயின்டும் ரூட்டரும் வாசல் பக்கம் அலமாரிக்குள். டிவிக்கும் அதற்கும் நடுவில் பாம் ஷெல்டர், அந்தக் குண்டு தாங்கும் அறை. இப்போது டிவியில் யூடியூப் அடிக்கடி சுற்றுவது இதனாலா, டிவி பழசு என்பதாலா? பெட்டி வாங்கியும் சுற்றினால் அத்தை முதல் நாளே கைவிட்டுவிடுவார்.

இன்னொன்று: பெட்டிக்கு என் கூகுள் கணக்கையே போட்டுவிடலாமா?

*

பிடோக்_வயர்மேன்:

கமலம் சொன்ன ஆன்டெனா யோசனை என்னுடையதைவிட நல்ல யோசனை, அப்படியே செய்யுங்கள்.

டிவியா வைஃபையா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. உங்கள் போனை டிவி முன்னாலேயே பிடித்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் அதே யூடியூப் காணொளியை உயர்ந்த தரத்தில் ஓட விடுங்கள். போனிலும் சுற்றினால் வைஃபை. போனில் ஓடி டிவியில் சுற்றினால் டிவி.

பாம் ஷெல்டர் சுவர் கனமான கம்பி கட்டிய கான்கிரீட். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும். 2.4 தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு ரூட்டர் அத்தனையும் அதே 2.4-ல்தான் சந்தைக்கடை போடுகின்றன. முதலில் ரூட்டரை அலமாரிக்குள் இருந்து வெளியே எடுங்கள். அழகுக்காகக் கதவு போட்டு மூடி வைத்திருப்பீர்கள், கதவுக்குள் இரும்புத் தட்டு இருந்தால் இன்னும் மோசம். வெளியே எடுத்து உயரமாக வைத்தாலே பல வீடுகளில் தீர்ந்துவிடுகிறது.

தீராவிட்டால் சுவரைப் பாருங்கள். பிடிஓ வீடு என்றால் வரவேற்பறையில் டிவி வைக்கும் சுவரில் போன் பாயின்ட் மாதிரி, அதைவிடக் கொஞ்சம் அகலமாக ஒரு ஓட்டை இருக்கலாம். புதிய வீடுகளில் கட்டும்போதே இணைய வயரை உள்ளே ஓட விட்டுக் கொடுத்திருக்கிறார்கள், பலருக்குத் தெரிவதே இல்லை. அதன் மறுமுனை ஃபைபர் பாயின்ட் பக்கம் வந்து நிற்கும். அங்கே ரூட்டரில் ஒரு வயர், இங்கே பெட்டியில் ஒரு வயர், அவ்வளவுதான். வைஃபையே வேண்டாம். அப்படி ஒரு பாயின்ட் இருந்தால், இணைய வயர் செருக இடம் உள்ள பெட்டியாக வாங்குங்கள். நான் சொன்ன ஷாவ்மி பெட்டியில் அந்த இடம் இல்லை, கூகுள் ஸ்ட்ரீமரில் இருக்கிறது. ஆப்பிள் டிவியில் 128 ஜிபி உள்ளதில் மட்டும் இருக்கிறது, 64-ல் இல்லை. பையன் சொல்லாமல் விட்டது இது.

உங்கள் சொந்தக் கணக்கைப் போடாதீர்கள். வீட்டுக்கென்று புதிதாக ஒன்று திறந்து போடுங்கள். இல்லையென்றால் அத்தை கேட்கும் கந்த சஷ்டியும் சின்னவன் பார்க்கும் விளையாட்டுக் காணொளியும் அலுவலக இடைவேளையில் உங்கள் போனில் வந்து நிற்கும். பிளே ஸ்டோரில் எதை வாங்குவதாக இருந்தாலும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். சின்னவனுக்குச் சிறுவர் கணக்கு ஒன்று தனியாக உருவாக்கி, இத்தனை மணிக்குப் படுக்கை என்று நேரம் வைத்துவிடலாம், அந்த நேரம் வந்ததும் திரை பூட்டிக்கொள்ளும். சண்டை உங்களோடு இருக்காது, பெட்டியோடு இருக்கும்.

*

பொங்கோல்_பையன்:

அண்ணே 128-ஐத்தான் நான் வெச்சிருக்கேன், அதான் ஞாபகம் வரல 😄

*

சுவாசூகாங்_மருமகள்:

போனில் சோதித்தேன், அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் சுற்றுவது பாதி குறைகிறது. டிவிக்குப் பின்னால் அந்த அகலமான ஓட்டையும் இருக்கிறது! குடி வந்ததில் இருந்து டிவி மேசை அதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. வீட்டுக்காரர் மேசையை நகர்த்தி வயர் செருகி, மடிக்கணினியில் பார்த்தார், இணையம் வருகிறது. ஆகவே வயர் செருகும் பெட்டி. கூகுள் ஸ்ட்ரீமர் என்று முடிவு செய்திருக்கிறோம். கத்தும் ரிமோட்டுக்காகவே பிள்ளைகள் இரண்டும் அதற்கு ஓட்டுப் போட்டுவிட்டன.

ஒப்பந்தம் முடிகிற அன்றைக்கே மாட்டினால் போதுமா, முன்னாலேயே மாட்டலாமா?

*

உட்லண்ட்ஸ்_கமலம்:

முன்னாலேயே மாட்டுங்கள். மூன்று வாரமாவது இரண்டும் சேர்ந்து இருக்கட்டும். பழைய ரிமோட்டைப் பிடுங்காதீர்கள், அது பக்கத்திலேயே கிடக்கட்டும். முதல் வாரம் காலை சீரியலுக்கு மட்டும் புதியது, மற்றதெல்லாம் பழையது. என் அப்பா மூன்றாம் வாரத்தில் தானாகவே பழையதை எடுப்பதை விட்டார். நாம் எதிரில் நின்று சொல்லிக்கொடுத்தால் கூச்சப்படுவார்கள், பிள்ளைகளை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பேரன் சொன்னால் தப்பாக அழுத்தினாலும் சிரிப்பார்கள்.

*

பிடோக்_வயர்மேன்:

சரியாகச் சொன்னார். நிறுத்தும் முன் நிறுவனத்துக்குப் போன் போட்டு மூன்று விஷயம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிவியும் இணையமும் ஒரே தொகுப்பாக இருந்தால், டிவியை எடுத்துவிட்ட பிறகு இணையத்துக்கு மட்டும் என்ன விலை. வீட்டு போன் அந்தப் பெட்டியோடு சேர்ந்ததா. ஒப்பந்தம் முடிந்ததும் தானாக நிற்குமா, நாம் சொன்னால்தான் நிற்குமா. பல ஒப்பந்தங்கள் சொல்லாவிட்டால் மாதாமாதம் ஓடிக்கொண்டே இருக்கும்.

செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது ரிமோட், அடாப்டர், வயர் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள், ரசீது வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள். எங்கள் புளோக்கில் ஒருவருக்கு, திருப்பிக் கொடுத்து இரண்டு மாதம் கழித்து ‘பெட்டி வரவில்லை’ என்று பில் வந்தது. ரசீது இருந்ததால் ஒரு போனில் முடிந்தது. பெட்டியின் பின்னால் இருக்கும் வரிசை எண்ணையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.